ஆறு வீட்டுக்கு ஒரு கைப்பிடி

மாதத்தின் முதல் செவ்வாய்க்கிழமை காலை எட்டு மணிக்கு மீட்டர் அக்கா தெருமுனையில் தலைகாட்டினால் நாய்கள்கூட எழுந்து வழிவிடும். பயமெல்லாம் ஒன்றும் இல்லை, பழக்கம்தான். இருபத்திரண்டு வருஷமாக அந்தத் தெருவின் தண்ணீர் மீட்டர்களைப் பார்த்து அளவு குறிப்பது அவள் வேலை. தோளில் ஒரு பை, பைக்குள் வாரியம் கொடுத்த நீள நோட்டு, கையில் குழிமூடியைத் தூக்க ஒரு இரும்புக் கொக்கி. மொத்தம் நாற்பத்தொரு மீட்டர். அவள் குடியிருப்பதும் அதே தெருவில்தான், இருபத்தேழாம் எண் வீட்டில்.

எந்தப் புண்ணியவான் யோசித்தானோ, அந்தத் தெருவில் எல்லா மீட்டரையும் பக்கவாட்டுச் சந்தில், வேலிச்செடிக்கு அடியில், தரையில் தோண்டிய குழிக்குள் வைத்துவிட்டான். ஒரு நாளாவது அவன் முட்டி போட்டுக் குனிந்து பார்த்திருந்தால் அப்படி வைத்திருக்க மாட்டான். மூடியைத் தூக்கினால் சேறு. சேற்றுக்குள் கண்ணாடி. கண்ணாடியைத் துடைத்தால்தான் எண் தெரியும். துடைக்கத் துணி தருவதாக வாரியத்திலிருந்து சுற்றறிக்கை வந்து ஒன்பது வருஷம் ஆகிறது, துணிதான் இன்னும் வரவில்லை. அக்கா அதற்கெல்லாம் காத்திருக்கிற ஆளா? கைக்கு எட்டிய செடியில் ஒரு பிடி இலையைப் பறிப்பாள், கண்ணாடியை ஒரு தேய்ப்பு தேய்ப்பாள், எண்ணைக் குறிப்பாள், இலையை வேலிமேல் வீசுவாள், அடுத்த வீட்டுக்குப் போய்விடுவாள்.

போகிற போக்கில் பேச்சும் நடக்கும். யார் வீட்டுக் குழாய் சொட்டுகிறது, யார் வீட்டில் விருந்தாளி வந்து தண்ணீர் எகிறிவிட்டது, எல்லாம் அவளுக்குத் தெரியும். மற்றவர்களுக்குத் தெரிய வேண்டியதையும் அவளே தெரியப்படுத்திவிடுவாள். ஆனால் கெட்ட மனசுக்காரி இல்லை. காய்ச்சல் வந்து படுத்திருக்கும் வீட்டுக்கு மருந்து வாங்கிக் கொடுத்துவிட்டுத்தான் மீட்டரைப் பார்ப்பாள். வாய் மட்டும்தான் கொஞ்சம் நீளம்.

இந்தத் தெருவிலேயே அவளுக்கு ஆகாத ஆள் ஒருத்தர் இருந்தார், நர்சரிக்காரர். பதினெட்டாம் எண் மனை குடியிருப்போர் சங்கத்துக்குச் சொந்தமான காலி இடம். அதில் தகரக் கொட்டகை போட்டு, மூவாயிரம் தொட்டிகளை அடுக்கி, மனைவியோடு பதினோரு வருஷமாகச் செடி விற்றுவந்தார். நல்ல உழைப்பாளிதான். ஆனால் சிரிப்பைக் காசு கொடுத்து வாங்க வேண்டும் போல ஒரு முகம். நாலு வருஷத்துக்கு முன்னால் அக்கா வழக்கம்போல அங்கே ஒரு பிடி இலையைப் பறித்துக் கண்ணாடியைத் துடைத்தபோது, வாடிக்கையாளர்கள் நாலு பேர் நிற்க, அவர் சொன்னார்:

"மூணு மாசமா வேர் பிடிக்க வச்ச செடிங்க அது. உங்க மீட்டரைத் துடைக்கவா வச்சேன்?"

அவ்வளவுதான். ஆனால் அக்காவுக்கு அது நெஞ்சில் தைத்துவிட்டது. அடுத்த மாதத்திலிருந்து பதினெட்டாம் எண்ணுக்கென்றே ஒரு வெள்ளைக் கைக்குட்டை கொண்டுபோனாள். அவர் பார்க்கிறாரா என்று பார்த்துக்கொண்டே கண்ணாடியைத் துடைப்பாள், கைக்குட்டையை நாலாக மடிப்பாள், ஒரு வார்த்தை பேசாமல் வெளியே வருவாள். நாலு வருஷம் இதே கூத்து.

இப்போது கொடிக்கு வருவோம்.

அதை அந்தத் தெருவில் முதலில் பார்த்தது முதல் வீட்டு டீச்சர். அவர் வேலிச்செடிமேல் மஞ்சள் நூல் மாதிரி ஏதோ படர்ந்திருந்தது. இலை இல்லை, தரையில் வேரும் இல்லை. பிள்ளைகள் அதற்கு நூடுல்ஸ் செடி என்று பெயர் வைத்துவிட்டார்கள். அம்மையார் கூந்தல் என்று அதற்கு ஒரு பழைய பெயர் உண்டு, அது அப்போது யாருக்கும் தெரியாது.

"பாக்க அழகா இருக்குல்ல, அக்கா?" என்றார் டீச்சர்.

"அழகு இருக்கட்டும், மீட்டரை மறைக்குதே," என்று அக்கா அதை இரண்டு கையாலும் இழுத்தாள். சொல்ல மறந்துவிட்டேனே, அது சுருட்டினால் பாத்திரம் தேய்க்கிற நார் மாதிரி ஆகிவிடுகிறது. கண்ணாடியில் ஒரு தேய்ப்பு தேய்த்தாள், சேறு அப்படியே வழித்துக்கொண்டு வந்தது. இலை மாதிரி கிழிவதில்லை, சாறு ஒட்டுவதில்லை. அக்காவுக்குப் பரம திருப்தி. ஒரு கைப்பிடி ஆறு வீட்டுக்குத் தாங்கும் என்று கணக்குப் போட்டு, ஆறேழு கைப்பிடி பிடுங்கிப் பைக்குள் திணித்துக்கொண்டாள். அன்றைக்கு வேலை ஒரு மணி நேரம் முன்னாலேயே முடிந்தது. அப்புறம் மாதா மாதம் அதுவே வழக்கமானது.

மூன்று மாதம் போனது. டீச்சர் வீட்டு எலுமிச்சை மரம் மஞ்சள் போர்வை போர்த்தியது போல நின்றது, பிறகு இலை உதிர்ந்தது, பிறகு பட்டுப்போனது. அழகு என்று சொன்ன வாயாலேயே டீச்சர் அதைச் சபித்தார். இந்தக் கொடி சமைப்பதும் இல்லை, சம்பாதிப்பதும் இல்லை. கிளையைச் சுற்றிக்கொண்டு, சின்னச் சின்ன உறிஞ்சிகளைத் தண்டுக்குள் இறக்கி, மரத்தின் சாப்பாட்டை உட்கார்ந்த இடத்தில் குடிக்கிறது. அப்புறம் ஒரு வீட்டில் செம்பருத்தி போனது, இன்னொரு வீட்டில் வேலியே போனது. தெரு நடுவில் நிற்கும் ஐந்து நிழல் மரங்களில் இரண்டின் உச்சி மஞ்சளாகிவிட்டது. ஆளாளுக்கு அதைப் பிடுங்கி மதிலுக்கு அந்தப் பக்கம் எறிந்தார்கள். அந்தப் பக்கத்துக்காரர் இந்தப் பக்கம் எறிந்தார். கொடிக்குக் கொண்டாட்டம்.

ஆனால் பதினெட்டாம் எண்ணில் ஒரு இழைகூட இல்லை.

இதைக் கண்டுபிடித்தது யார்? அக்காதான். கண்டுபிடித்ததோடு நிறுத்தினாளா? டீச்சர் வீட்டு வாசலில் நின்று, "எல்லார் வீட்டுலயும் இருக்கு, அவர்கிட்ட மட்டும் இல்ல. எப்படி?" என்றாள். பத்தாம் வீட்டுக்குப் போனபோது அது, "நம்ம செடி செத்தா புதுச் செடி யார்கிட்ட வாங்குவோம்?" என்று வளர்ந்திருந்தது. முப்பதாம் வீட்டில், "அவரே விதையைத் தூவியிருப்பாரு, வேற யாரு" என்று முடிந்துபோயிருந்தது. அவள் பொய் சொல்லவில்லை. ஒவ்வொரு வாசலிலும் கொஞ்சம் கொஞ்சமாகத் தானே நம்பிக்கொண்டு போனாள்.

சங்கத் தலைவர் ரயில்வேயில் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவர். எதிரே நிற்கிறவர்கள் எல்லாரும் டிக்கெட் இல்லாமல் ஏறியவர்கள் என்ற முடிவோடுதான் பேச ஆரம்பிப்பார். அவருக்கு இந்தச் செய்தி சர்க்கரையாக இனித்தது. நர்சரிக்காரர் மனையைக் காலி செய்ய வேண்டும் என்று மனு தயாரானது. முதல் கையெழுத்து அக்காவுடையது. வீடு வீடாகக் கொண்டுபோனதும் அவளே, அவளுக்குத்தானே எல்லாக் கதவும் திறக்கும். நர்சரியைத் தவிர்த்து நாற்பது வீடு, அதில் இரண்டு பூட்டிக் கிடந்தன. மிச்சம் முப்பத்தெட்டும் கையெழுத்துப் போட்டன. வரும் ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் தீர்மானம் போட வேண்டியதுதான் பாக்கி.

தலைவர் கேட்டதற்கு நர்சரிக்காரர் ஒன்றுதான் சொன்னார்: "என் செடியில அது இல்லைன்னு குத்தம் சொல்றீங்க. இருந்தா அதுக்கும் குத்தம் சொல்வீங்க." சொல்லிவிட்டுத் தொட்டிகளுக்குத் தண்ணீர் ஊற்றப் போய்விட்டார். தொட்டிகளை வண்டியில் ஏற்றலாம். பதியன் எடுப்பதற்கென்று பதினோரு வருஷமாகத் தரையில் வளர்த்த தாய்ச்செடிகளை எதில் ஏற்றுவது? அவை போனால் அவர் பிழைப்பும் போனது.

கூட்டத்துக்கு இரண்டு நாள் முன்னால், வெள்ளிக்கிழமை சாயங்காலம், துவைப்பதற்காக அக்கா பையைத் தரையில் கொட்டினாள். அவள் கணவர் கைக்கடிகாரம் பழுதுபார்ப்பவர். முன்னறையில் மேஜை போட்டு, ஒற்றைக் கண்ணில் பூதக்கண்ணாடியோடு உட்கார்ந்திருப்பார். அன்றும் உட்கார்ந்திருந்தார்.

"இது என்ன?" என்றார், கீழே விழுந்ததைக் காட்டி.

செவ்வாய்க்கிழமை பைக்குள் போட்ட கடைசிக் கைப்பிடி. அக்கா பார்த்தாள். அந்த மஞ்சள் சுருள் அவளுடைய பென்சிலை அடியிலிருந்து நுனி வரை இறுக்கமாகச் சுற்றியிருந்தது. கணவர் பென்சிலை விளக்குக்கு அடியில் பிடித்துக் கண்ணாடி வழியாகப் பார்த்தார்.

"இங்க பாரு, இது சாகல. நுனி பச்சையா இருக்கு. பிடிச்சு உறிஞ்ச இடம் தேடுது. பென்சில்ல என்ன கிடைக்கும், பாவம்."

அவர் பாட்டுக்குச் சொல்லிவிட்டு அடுத்த கடிகாரத்தை எடுத்தார். அக்கா அந்தப் பென்சிலையே பார்த்தாள். நாலு நாள் தண்ணீர் இல்லை, வெளிச்சம் இல்லை, பைக்குள் கிடந்தும் சாகாத ஒன்று, ஈரமான வேலிமேல் விழுந்தால் என்ன ஆகும்? நோட்டை எடுத்து வீட்டு எண்களை வட்டமிடத் தொடங்கினாள். ஒரு கைப்பிடி ஆறு வீட்டுக்கு. சேறு பிடித்த சுருளை ஆறாவது வீட்டு வேலியில் வீசுவாள். அடுத்தது பன்னிரண்டில். யார் யார் வீட்டில் முதலில் வந்தது என்று அவளுக்குத் தெரியாதா என்ன, அழுதவர்களுக்கெல்லாம் ஆறுதல் சொன்னவளே அவள்தானே. ஆறாம் வீடு. பன்னிரண்டாம் வீடு. இருபத்துநாலு, முப்பது, முப்பத்தாறு. நடுவில் பதினெட்டு மட்டும் இல்லை, அதற்குப் பதில் பதினேழு. பதினெட்டில் கைக்குட்டை எடுக்க வேண்டும் என்பதால், பழைய சுருளை ஒரு வீடு முன்னாலேயே எறிந்துவிடுவாள்.

தெருவையே தின்றுகொண்டிருந்த கொடியை வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுத்தது அவள் கை. பழி நர்சரிக்காரர் தலையில். அதை ஏற்றி வைத்ததும் அவள் வாய்.

அன்று இரவுச் சாப்பாட்டில் உப்பு இல்லை. சனிக்கிழமை காலையிலும் இல்லை. மதியம் குழம்பை வாயில் வைத்ததும் கணவர் கரண்டியைக் கீழே வைத்தார். அவள் எல்லாவற்றையும் சொன்னாள். வாரியத்துக்கு யாராவது எழுதிப் போட்டால் வேறு ஊருக்கு மாற்றிவிடுவார்கள் என்றாள். அதைவிட, அந்த மனுஷன் முன்னால் தலைகுனிந்து நிற்க வேண்டுமே என்றாள்.

கணவர் சொன்னார்: "ரெண்டே வழிதான். நோட்டை எரிச்சிடு. இல்ல, நாளைக்கு எடுத்துட்டுப் போ. ரெண்டுக்கும் நடுவுல உக்காந்துக்கிட்டு என்னை உப்பில்லாம சாக அடிக்காத."

ஞாயிற்றுக்கிழமை சங்க அறையில் பிளாஸ்டிக் நாற்காலிகள் நிரம்பியிருந்தன. நர்சரிக்காரர் கடைசி வரிசையில், கதவோரமாக. அவர் மனைவி வரவில்லை. தலைவர் தீர்மானத்தை வாசிக்கத் தொண்டையைச் செருமினார். அக்கா எழுந்தாள்.

"சார், அதை வாசிக்காதீங்க. கொடியைப் பரப்பினது அவர் இல்ல. நான்தான்."

நீங்கள் என்ன நினைப்பீர்கள், அறையே அதிர்ந்துபோகும் என்றுதானே? ஒருத்தரும் நம்பவில்லை. பத்தாம் வீட்டுக்காரர், "அக்காவுக்கு எப்பவுமே இளகின மனசு," என்றார். யாரோ, "அந்த ஆள் போய்க் கெஞ்சியிருப்பாரு," என்றார்கள். தலைவர் காகிதத்தைத் தூக்கிக் காட்டினார்.

"உக்காருங்கம்மா. எல்லாம் டைப் அடிச்சாச்சு."

அக்காவுக்கு அப்போதுதான் தன் வேலையின் லட்சணம் முழுசாகத் தெரிந்தது. ஒரு காலைப் பொழுதில் நாற்பது வாசலில் நின்று ஊட்டியதை ஒரு வாக்கியத்தில் திரும்ப எடுக்க முடியவில்லை. அவள் நோட்டைத் திறந்தாள். ஒவ்வொரு எண்ணாகக் கூப்பிட்டாள்.

"ஆறாம் வீடு, உங்களுக்கு முதல்ல எங்க வந்துச்சு?"

"மீட்டர் பக்கத்துல."

"பன்னெண்டு?"

"எங்களுக்கும் அங்கதான்."

பதினேழும் அதையே சொன்னது. இருபத்துநாலு சொன்னபோது அறையில் பேச்சு நின்றுவிட்டது. அவள் பையிலிருந்து மூடி போட்ட ஒரு கண்ணாடிப் புட்டியை எடுத்து, உள்ளே கொடி சுற்றிய பென்சிலைக் காட்டினாள். இதை வைத்துத்தான் கண்ணாடி துடைத்தேன், ஆறு வீட்டுக்கு ஒரு கைப்பிடி, துடைத்துவிட்டு உங்கள் வேலிமேல் வீசினேன் என்றாள். டீச்சர் மெதுவாக, "எங்க வீட்டுலேருந்து அள்ளிட்டுப் போனதை நானே பாத்தேன்," என்றார். "சுத்தம் பண்றாங்கன்னு சந்தோஷப்பட்டேன்."

"ஆறு ஆறா போனா பதினெட்டுல்ல வரணும்?" என்றார் பதினேழாம் வீட்டுக்காரர். தன் வேலி போன கடுப்பு அவருக்கு. "எனக்கு எதுக்கு வந்துச்சு?"

"பதினெட்டுல மட்டும் கைக்குட்டையால துடைப்பேன்."

"அங்க மட்டும் ஏன்?"

"இலையைப் பறிக்காதீங்கன்னு அவர் ஒருத்தர்தான் சொன்னாரு. நாலு வருஷமா அந்தக் கோவத்தை வச்சிருந்தேன்."

பின்னாலிருந்து யாரோ சிரித்துவிட்டார்கள். அது பரவி அறை முழுக்கச் சிரித்தது. கெட்ட சிரிப்பு இல்லை, ஆனாலும் அக்காவின் காது மடல் வரை எரிந்தது. தலைவர் தீர்மானத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். நர்சரிக்காரர் எழுந்தார். இப்போது பொரிந்து தள்ளப்போகிறார் என்று எல்லாரும் திரும்பினார்கள்.

"பிடுங்கி எறியாதீங்க," என்றார். "அது சுத்தியிருக்கிற கிளையோட சேர்த்து வெட்டணும். ஒரு துண்டுகூட கீழ விழாம சாக்குல கட்டி, காய வச்சு எரிக்கணும். பூ விடுறதுக்குள்ள செய்யணும். நாளைக்குக் காலையில பெரிய மரத்துலேருந்து ஆரம்பிக்கலாம். ஏணி இருக்கிறவங்க கொண்டு வாங்க."

அக்காவை அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

மூன்று வாரம் தெருவே வெட்டியது. ஐந்து நிழல் மரங்களும் தப்பின. இரண்டு மட்டும் மொட்டை அடித்தது போல நின்றன. அக்கா தினமும் வேலை முடிந்து வந்து சாக்குப் பிடித்தாள். பிடிக்கச் சொன்னார்கள், பிடித்தாள். யாரும் வாரியத்துக்கு எழுதிப் போடவில்லை. ஆனால் நின்று பேசவும் இல்லை.

அடுத்த மாதத்தின் முதல் செவ்வாய்க்கிழமை வந்தது. டீச்சர் ஜன்னலுக்குள்ளிருந்தே, "நானே பாத்து வச்சிட்டேன் அக்கா, நீங்க அங்கயே நின்னு எழுதிக்கோங்க," என்றார். ஆறாம் வீட்டில் செருப்பைத் தட்டச் சொன்னார்கள். பன்னிரண்டில் பையைக் கவிழ்த்துக் காட்டச் சொன்னார்கள். கவிழ்த்துக் காட்டினாள். பதினேழாம் வீட்டுக்காரர் எண்ணை ஒரு சீட்டில் எழுதி வெளிக்கதவில் செருகியிருந்தார், ஆளே வெளியே வரவில்லை. இருபத்திரண்டு வருஷம் தன் வீடு மாதிரி நுழைந்த சந்துகள். கோபப்பட அவளுக்கு ஒரு நியாயமும் இல்லை. அதுதான் தாங்க முடியவில்லை.

பதினெட்டாம் எண்ணில் அவள் கதவைத் தொடவே இல்லை. வெளியே நின்று, "மீட்டர் அளவு சொல்லுங்க, எழுதிக்கிறேன்," என்று குரல் கொடுத்தாள்.

நர்சரிக்காரர் கையில் மண்ணோடு வந்தார். கதவைத் திறந்தார்.

"மீட்டர் உள்ள இருக்கு."

"பையை வெளியில வச்சிட்டு வரேன்."

"நோட்டு அதுலதானே இருக்கு. வாங்க."

உள்ளே போனாள். குழிமூடியைத் தூக்கினாள், துடைத்தாள், குனிந்தபடியே இருந்தாள். எண் தெரியவில்லை. கண் நிறைந்திருந்தால் எப்படித் தெரியும்?

"அன்னிக்கு எல்லார்கிட்டயும் சொன்னேன்," என்றாள், குழியைப் பார்த்தபடி. "உங்ககிட்ட சொல்லல. தப்பு பண்ணிட்டேன். மன்னிச்சிடுங்க."

அவர் கையிலிருந்த மண்ணை உதிர்த்தார்.

"நீங்க அன்னிக்கு எந்திரிச்சு நிக்கலன்னா நான் இன்னிக்கு இங்க இல்ல. அது எனக்குத் தெரியும். நீங்க ஆரம்பிக்கலன்னா எந்திரிச்சு நிக்க வேண்டியே வந்திருக்காது. அதுவும் தெரியும்."

கொட்டகையிலிருந்து அவர் மனைவி ஒரு தொட்டியைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தாள். குழியருகே முட்டி போட்டிருந்த அக்காவைப் பார்த்தாள். தொட்டியை அங்கேயே வைத்துவிட்டு உள்ளே திரும்பிப் போனாள்.

"அவளுக்கு இன்னும் ஆறல," என்றார் நர்சரிக்காரர். "ராத்திரி தூக்கத்துல எந்திரிச்சு உக்காந்து, செடியை எங்க கொண்டு வைக்கிறதுன்னு கேப்பா. நீங்க மாசாமாசம் வாங்க. உள்ள வந்தே பாருங்க. அவளா ஒரு நாள் பேசுவா."

அக்கா தலையாட்டினாள். எண்ணைப் பார்த்து எழுதினாள், மூடியை இழுத்து மூடினாள். வெளியே வந்து பத்தொன்பதாம் வீட்டுக்கு நடக்கும்போது அழுகை பொத்துக்கொண்டு வந்தது, தெருவில் ஆட்கள் இருந்தும் அவள் அதை அடக்கவில்லை.